நான்காவது ஆள்

"வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு மாத்திரை கொடுத்து என்ன பிரயோஜனம்?"

மருத்துவர்களின் கூட்டங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கேட்டிருக்கிறேன். அம்மாவைக் கூட்டி வந்த மகன் என் மேசைக்கு முன்னாலேயே அவரைத் திட்ட, அந்த அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு தலைகுனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வட மாவட்டம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினொரு ஆண்டுகள் மருத்துவராக இருந்த நானும், முதல் சில ஆண்டுகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கருத்தைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்களுடைய வாதம் இதுதான்: சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் கண்டதைத் தின்று, உடம்பை அசைக்காமல் இருப்பவர்களுக்கு வருகின்றன. வந்த பிறகு அரசு இலவசமாக மாத்திரை தருகிறது. வாங்கிப் போட வேண்டியது நோயாளியின் கடமை. போடாமல் விட்டுச் சிறுநீரகம் கெட்டாலோ, கால் அழுகினாலோ அது அவருடைய அலட்சியத்தின் விளைவு. ஆகவே மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதே தீர்வு.

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இது தவறு. தவறு என்பதோடு, ஏழை நோயாளிகளின் உயிரை வாங்கும் தவறு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் 2020-இல் அரசு நடத்திய 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். நூறு பேரில் பத்துப் பேர் தவறினால் அந்தப் பத்துப் பேரிடம் குறை தேடலாம். தொண்ணூறு பேர் அளவுக்குத் தவறுகிறார்கள் என்றால்? ஒரு வகுப்பில் நூறில் தொண்ணூற்று மூன்று பிள்ளைகள் தேறவில்லை என்றால் பிள்ளைகளையா கேட்போம், பள்ளிக்கூடத்தையா? ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாத தொண்ணூற்று மூன்று பேரில் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாத நோய்க்கு அலட்சியம் காட்ட யாராலும் முடியாது.

அடுத்து, நோய் யாருக்கு வருகிறது என்பது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் ஜான் யுட்கினும் சேர்ந்து 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் புகைப்படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் ஒன்று. உடல் நிறை குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் நம் உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. இது ஓரளவுக்குத் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். புனேயைச் சுற்றிய கிராமங்களில் சத்துக் குறைந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் எடை குறைவாகவும், அதே சமயம் எடைக்கு மிஞ்சிய கொழுப்போடும் பிறந்தார்கள். கர்ப்பத்தில் அரைவயிறு சாப்பிட்ட ஒரு பெண்ணின் பிள்ளைக்கு நாற்பது வயதில் சர்க்கரை வந்தால், அதை 'வாயைக் கட்டாததன்' கணக்கில் எழுதுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? வாய் கட்டப்பட்டுத்தான் இருந்தது, அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே.

சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறோம், அரிசியைக் குறை என்கிறோம், காய்கறியைக் கூட்டு என்கிறோம். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கீரையும் பயறும் முட்டையும் காசுக்குத்தான் கிடைக்கின்றன. மாத இறுதியில் எந்தத் தட்டில் எது நிறையும் என்று சொல்ல மருத்துவப் படிப்பு தேவையில்லை. ரேஷன் அரிசியை நான் குறை சொல்லவில்லை, அது பசியைத் தடுத்த திட்டம். தட்டில் வேறு எதுவும் வர வழி செய்யாமல் 'தட்டை மாற்று' என்று மட்டும் சொல்வதைத்தான் குறை சொல்கிறேன்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். என் மனம் மாறியது இங்கேதான்.

தொற்றா நோய்களுக்கான ஒரு என்.சி.டி. நாளில் ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நோட்டில் நான்கு மாத இடைவெளி. சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். முந்தைய பக்கத்தில் 'ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. "ஏம்மா, மாத்திரை போடறீங்களா, இல்லையா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"போட்டா கண்ணை இருட்டிக்கிட்டு வருதும்மா. படபடன்னு வருது, வேர்த்து ஊத்துது. வரப்புல விழுந்துட்டா யாரு தூக்குறது?"

அன்று கூட்டம் குறைவு. அதனால்தான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஐந்து மணிக்கு எழுவார். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவார். பேரனுக்குச் சோறாக்கி வைப்பார். ஏழு மணிக்குக் களையெடுக்கப் போவார். தூக்கில் எடுத்துப்போகும் கூழைக் குடிக்கப் பதினொரு மணியாகும். மாத்திரை உறையின் மேல் 'காலை 1, சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். விடிந்ததும் போட்டிருக்கிறார். அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் நான்கு மணி நேரம் வெயிலில் குனிந்து வேலை செய்யும் உடம்பில் அது என்ன செய்யும்? சர்க்கரையைத் தரைக்கு இறக்கும். கண் இருட்டியது அதனால்தான். மாத்திரையை நிறுத்தியதன் மூலம் அந்த அம்மா தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அலட்சியம் அந்த உறையின் மேல், எங்கள் எழுத்தில் இருந்தது.

நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. மாத்திரையைப் பதினொரு மணிக் கூழோடு சேர்த்தோம். தூக்கின் மூடியில் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்னோம். மூன்று மாதத்தில் சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்தது. அவருடைய ஒழுக்கமோ அறிவோ இடையில் மாறவில்லை. முன்பும் அவர் சொன்னபடியே செய்தார், பின்பும் சொன்னபடியே செய்தார். சொன்னது மாறியது.

அதன் பிறகு 'ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதப்பட்ட ஒவ்வொரு நோட்டையும் நின்று பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் தனியார் மருத்துவரிடம் காட்டிவிட்டு மருந்துக் கடையில் 'பத்து நாளைக்கு மட்டும் குடுங்க' என்று வாங்குகிறவர். கூலி வந்த வாரம் மாத்திரை உண்டு, வராத வாரம் இல்லை. இன்னொருவர் பிரஷர் மாத்திரை போட்டதும் தலைவலி நின்றதால் 'நல்லாயிடுச்சு' என்று நிறுத்தியவர். காய்ச்சல் நின்றால் மாத்திரையை நிறுத்து என்று வாழ்நாள் முழுக்கக் கற்றவருக்கு, இந்த நோய் அப்படியல்ல என்று உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை. வேறொருவருக்கு மாதம் ஒரு நாள் வந்து போவதே பெரும்பாடு. வெறும் வயிற்றில் வா என்கிறோம். காலைப் பேருந்தைப் பிடித்து வந்து, சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருத்துவருக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. திரும்பும்போது மதியம். அன்றைய கூலி போச்சு. நூறு நாள் வேலை என்றால் காலையிலேயே வருகையைப் படமெடுத்து ஏற்றிவிடுவார்கள், தாமதமாகப் போனால் அன்றைக்கு வேலை கிடையாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கூலியை விலையாகக் கேட்டுவிட்டு, அதற்கு 'இலவச மாத்திரை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மருத்துவர்களாகிய எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். மருந்தை ஒழுங்காகப் போட்டு, மாதாமாதம் வந்து, ரத்த அழுத்தம் 160-இலேயே நிற்கும் நோயாளிகள் ஏராளம். நோட்டைப் பார்க்கிறோம், 'உப்பைக் குறைங்க' என்கிறோம், அதே மாத்திரையை அதே அளவில் திரும்ப எழுதுகிறோம். அளவைக் கூட்டியிருக்க வேண்டும், அல்லது இரண்டாவது மாத்திரையைச் சேர்த்திருக்க வேண்டும். சர்க்கரை நோய் கண்டறியப்படும்போதே இன்சுலின் சுரக்கும் செல்களின் திறனில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும் என்றும், ஆண்டுக்கு ஆண்டு அது மேலும் குறையும் என்றும் பிரிட்டனில் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வு காட்டியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் போதுமாக இருந்த மருந்து இன்று போதாமல் போவது நோயின் இயல்பு. ஆனால் 'திரும்பவும் சாப்பாட்டுல கோட்டை விட்டுட்டீங்க' என்று நோயாளியிடம்தான் பழியைத் தள்ளுகிறோம்.

அதே ஆய்வில் இன்னொரு பாடம் இருக்கிறது. சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். மற்றப் பிரிவினரைவிட மேல் அளவு பத்துப் புள்ளிதான் குறைவு. அந்தப் பத்துப் புள்ளியில் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. 1998-இல் முடிவுகள் வந்தன. ஆய்வு முடிந்ததும் அனைவரும் வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பினார்கள். இரண்டே ஆண்டுகளில் இரு பிரிவினருக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு மறைந்தது. கிடைத்திருந்த பலனும் நிலைக்கவில்லை என்று 2008-இல் அறிவித்தார்கள். அந்த மனிதர்கள் திடீரென்று பொறுப்பற்றவர்களாக மாறிவிட்டார்களா? இல்லை. அவர்களைக் கூப்பிட்டு, பார்த்து, அளந்து, மருந்தைத் திருத்திக்கொண்டிருந்த ஏற்பாடு நின்றுபோனது, அவ்வளவுதான்.

நாக்கைக் கட்டச் சொல்கிறவர்கள் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை அடிக்கடி துணைக்கு அழைப்பார்கள். அளவறிந்து உண் என்று வள்ளுவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளை அவர்கள் படிப்பதில்லை. மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்கிறார் அதில். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்தைக் கொடுப்பவர். நம் பொதுக்கருத்து முதல் ஆளை மட்டும் பிடித்து உலுக்குகிறது. மருத்துவரைப் படிக்க வைத்தோம், மருந்தை வாங்கி வைத்தோம். மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்க 1994-இலேயே தமிழ்நாட்டில் தனிக் கழகம் அமைத்தோம், நாடே பார்த்துக் கற்ற ஏற்பாடு அது. நான்காவது ஆளைத்தான் மறந்துவிட்டோம்.

அந்த நான்காவது ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் வழியில்லாமல் இறந்துபோகும் ஏழைகளைப் பார்த்துப் பார்த்து, நோயை முன்னாலேயே தடுத்தாக வேண்டும் என்று முடிவெடுத்தார். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அமைப்பின் மூலம் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் சுமார் 25,000 பேரைக் கொண்ட பகுதியை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சல்போசாலிசிலிக் அமிலத்தாலும், சர்க்கரை இருக்கிறதா என்று பெனடிக்ட் கரைசலாலும் சோதித்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் நாம் செய்த அதே சோதனைதான். நோய் கண்டவர்களுக்கு மருத்துவர் எழுதிய மருந்துகள் மிக மலிவானவை, பழையவை. ரெசர்பின், தையசைடு, ஹைட்ரலசின், மெட்பார்மின், கிளிபென்கிளமைடு. அவற்றைத் தொடர்ந்து எடுக்கவைப்பது அந்தப் பெண்களின் வேலை.

சிகிச்சை பெற்றவர்களில் 96 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு ஏழு சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஒட்டுமொத்தச் செலவு, ஒரு தலைக்கு ஆண்டுக்கு 27 அமெரிக்க செண்ட். 'கிராமத்து ஜனங்க மாத்திரை போட மாட்டாங்க' என்று சொல்கிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லட்டும். அந்தக் கிராமத்தினரும் இதே அரிசிச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள், இதே கருவாட்டையும் ஊறுகாயையும்தான் தொட்டுக்கொண்டார்கள்.

வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் செய்ததும் இதுவே. சுமார் 2,000 பேர் கொண்ட ஊர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், பின்னர் சுரங்கமும் மூடப்பட்டது. புகையும் குடியும் வறுமையும் இருந்த ஊர் அது. ஹார்ட், தம்மிடம் வந்தவர்களை மட்டும் பார்க்கவில்லை. வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடிப்போய் அழுத்தம் பார்த்தார். 25 ஆண்டுகள் விடாமல் செய்தார். அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரின் இறப்பு விகிதம் பக்கத்து ஊரைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது என்று 1991-இல் எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற விதியை 1971-இல் வகுத்தவரும் இவர்தான்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். 'அப்படியானால் உணவும் நடையும் வேண்டாமா?' வேண்டும். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் நடத்திய ஆய்வு, 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். எதுவும் செய்யாத பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் திருத்திய பிரிவில் 39.3 சதவீதம். பெரிய வேறுபாடு. ஆனால் எப்படித் திருத்தினார்கள் என்று பாருங்கள். மாதாமாதம் தொலைபேசியில் பேசினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசினார்கள். அங்கேயும் ஓர் ஆள் இருந்தார். சுவரில் எழுதிய வாசகமும் வாட்ஸ்அப்பில் வரும் சிறுதானியப் படமும் அந்த வேலையைச் செய்யவில்லை, செய்யாது.

மருத்துவ முகாம்களைப் பற்றியும் முழு உடல் பரிசோதனைத் திட்டங்களைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை. பொதுப் பரிசோதனைகளால் இறப்பு குறைவதில்லை என்று காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2012-இலும் 2019-இலும் சொல்லியிருக்கிறது. ஒரு முகாமில் இருநூறு பேருக்குச் சர்க்கரை கண்டுபிடித்தோம் என்று பெருமைப்படுவதற்கு முன், ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் பார்த்த வரையில் அந்தக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

தமிழ்நாடு ஒரு சரியான அடியை எடுத்து வைத்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு தேடிப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அந்தத் திட்டத்தில் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாத்திரை போய்ச் சேர்கிறது, ஆனால் அளவைத் திருத்தும் மருத்துவரிடம் அந்தச் செய்தி திரும்பி வருவது இன்னும் பலவீனமாகவே இருக்கிறது. காலைத் தொட்டுப் பார்த்து மரத்துப்போயிருக்கிறதா என்று சோதிப்பது இன்னும் வழக்கமாகவில்லை. ஆனால் திசை சரி. நோயாளியை நோக்கி விரல் நீட்டாமல் கால்கள் நடந்த திட்டம் அது.

ஆனால் அந்தக் கால்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? அவர்களை 'தன்னார்வலர்' என்கிறோம். மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. ஒரு ஊரின் அத்தனை ரத்தக் கொதிப்பு நோயாளிகளின் பெயரும், அவர்கள் எந்தக் கொல்லையில் வேலை செய்கிறார்கள், எத்தனை மணிக்குக் கூழ் குடிக்கிறார்கள் என்பதும் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெண்தான். எங்கள் நிலையத்தில் எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "டாக்டரம்மா, அந்த அக்கா மாத்திரையை மருமககிட்ட குடுத்து வச்சிருக்கு, அது ஊருக்குப் போயிடுச்சு" என்று ஒருநாள் அவர் சொன்ன ஒரு வரி, நான் எழுதிய பத்துக் குறிப்புகளைவிடப் பயன்பட்டது.

ஆகவே அரசிடம் கேட்கிறேன்: வள்ளுவர் எண்ணிச் சொன்ன அந்த நான்காவது ஆளுக்கு நிரந்தரப் பணியும் முறையான சம்பளமும் கொடுங்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே முறையில் கொடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர வாரத்தில் ஒரு மாலையாவது நிலையத்தைத் திறந்து வையுங்கள். என் சக மருத்துவர்களிடம் கேட்கிறேன்: 'ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை' என்று எழுதுவதற்கு முன், காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தடவை கேளுங்கள்.